அடுத்தவர் பொருளில் வள்ளல்

பத்திரப் பதிவுத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். மூலப் பத்திரத்தைப் பார்க்காமல், விற்பவரின் உரிமையைக் கேட்டறியாமல், எந்த ஆவணத்திலும் நான் கையெழுத்திட்டதில்லை. பணிக்காலம் முழுவதும் என் அலுவலகத்திலிருந்து என் வீட்டிற்கு ஒரு பழக்கூடைகூட வந்ததில்லை. திருவண்ணாமலையில், வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்திற்குப் பின்புறம் உள்ள மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியேறியபோது, அந்தத் தெருவில் எனக்கிருந்த மதிப்பு இதுவே. இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. பின்னர் நடந்தவற்றில் என் பெயரும் என் இளைய மகளின் பெயரும் தெருவில் அடிபட்டன.

அடுத்த வீட்டில் குடியிருந்தவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அவருக்காக வாதாடப் பலர் கிளம்பி வருவார்கள். அவர்கள் அத்தனை பேரும் அவர் கையால் ஏதேனும் ஒன்றைப் பெற்றவர்களாக இருப்பார்கள். அவர்கள் பெற்றது யாருடைய பொருள் என்பதே என் கேள்வி.

அவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியான உடம்பு, நின்று பேசத் தெரியாத கால்கள். சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் ஆட்களைத் தேர்வு செய்யும் பிரிவில் இருந்துவிட்டு, வேலை வேண்டாம் என்று ஊர் திரும்பியவர். என் வீட்டில் அவர் முதன்முதலில் கேட்டது ஏணி. கொடுத்தேன். ஒரு வாரம் கழிந்தும் திரும்பி வரவில்லை. ஒரு நாள் காலை நடைக்குச் சென்றபோது, என் ஏணி இரண்டு தெரு தள்ளி ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் சாய்ந்து நின்றது. அதன் மேல் யாரோ நின்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்.

“அதுவா சார்? அவங்களுக்கு ஒசரம் பத்தலன்னு நின்னுட்டிருந்தாங்க. நம்ம வூட்ல சும்மாதானே கெடக்குதுன்னு குடுத்துட்டேன்” என்றார்.

“நம்ம வூடு” என்று அவர் சொன்னது என் வீட்டை.

குடையும் அப்படியே போயிற்று. ஆட்சியர் அலுவலகத்தில் மனு நாளன்று மழை பிடித்துக்கொண்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற அவர் என் கையிலிருந்த குடையை வாங்கினார். எனக்குப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நேரே சென்று, மரத்தடியில் நனைந்துகொண்டிருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் நனைந்தபடி அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் பெருமை பொங்கியது. இதில் எப்படிக் கோபித்துக்கொள்வது? அவருடைய திறமை முழுவதும் அதில்தான் இருந்தது. பெறுகிறவர் எப்போதும் தேவையுள்ளவராக இருப்பார். பறிகொடுத்தவர் வாய் திறந்தால் அற்பராகிவிடுவார்.

எங்கள் தெருவில் பெங்களூருவில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரின் வீடு பூட்டியே கிடக்கும். சாவி இவரிடம். ஒரு பௌர்ணமிக்கு, கிரிவலம் வந்த ஒரு குடும்பத்தை அந்த வீட்டில் குளித்து உடை மாற்ற அனுப்பினார். அடுத்த பௌர்ணமிக்கு மூன்று குடும்பங்கள். ஆசிரியர் முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றபோது, அவருடைய கூடத்துக் கொடியில் யார் யாருடைய புடவைகளோ காய்ந்துகொண்டிருந்தன. அந்த நல்ல மனிதர் என்னிடம் வந்து, “சார், எம்மேல தப்பாங்க? நான் ஏன் கோவப்பட்டேன்னு தெருவுல எல்லாரும் என்னைக் கேக்கறாங்க” என்றார்.

நானும் அவரால் பயனடைந்தவன்தான், அதை மறைக்கவில்லை. என் மனைவிக்கு மூச்சுத் திணறல் வந்த ஒரு மாலையில், நான் ஆட்டோவுக்கு அலைந்துகொண்டிருக்க, அவர் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வேலூர் மருத்துவமனை வரை அவரே ஓட்டினார். என் மனைவி இன்றும் அதைச் சொல்வாள். மறுநாள் நான் விசாரித்து, காருக்கு உரிய ஒப்பந்தக்காரரின் வீட்டிற்கு நேரில் சென்று நன்றி கூறினேன். தம் கார் வேலூர் போய் வந்த செய்தியே அந்த மனிதருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இத்தகையவர்தான் பயிற்சி வகுப்பு தொடங்கினார். சட்டம் படித்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இங்கேயே ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்து வழக்குக் கட்டுத் தூக்குவதைத்தான் அறிவார்கள். சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள பெரிய சட்ட நிறுவனங்கள் பயிற்சி வழக்கறிஞர்களை எப்படி எடுக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது. முதலில் கணினியில் ஒரு தர்க்கத் தேர்வு. ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலிருந்து இந்த முடிவு வருமா வராதா என்று கேட்பார்கள். அடுத்து, எதிரே ஆள் இல்லாமல் கேமராவைப் பார்த்துப் பேசும் நேர்காணல். அதிலும் தேறியவர்களை ஒரு நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார வைத்து, கூட்டாக விவாதிக்க விட்டு, கடைசியில் ஒரு குழுவின் முன் நிறுத்துவார்கள். இவற்றையெல்லாம் அவர் தம் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். அதை மறுப்பது எனக்கு அழகல்ல.

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும்.

“கேமராவப் பாரும்மா. என் மூஞ்சியில இன்னா எழுதியிருக்குது?”

“செல்போன ஜன்னல் கம்பியில கட்டி வெச்சிருக்கீங்க சார். அதப் பாத்தா சிரிப்பு வருது.”

“அங்க அதுதான் உனக்கு ஜட்ஜு. ஜட்ஜப் பாத்து சிரிப்பியா? சரி, சொல்லு. நீ முன்ன நின்னு ஒரு வேலைய முடிச்ச சம்பவம் ஒண்ணு.”

“எங்க தெருவுல தண்ணி எப்பயாவதுதான் வரும் சார். கொடத்துக்குச் சண்ட ஜாஸ்தி. நாங்க சாக்பீஸ்ல கொடத்து மேல நம்பர் போட்டு...”

“நிறுத்து. மொதல்ல, ‘நாங்க’ன்னா மார்க் கம்மி. ‘நான்’னு சொல்லணும். ரெண்டாவது, கொடத்துச் சண்டையெல்லாம் அங்க எடுபடாதும்மா. பெருசா எதாச்சும் சொல்லு.”

“பெருசா ஒண்ணும் இல்லியே சார்.”

அந்தப் பெண் அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவள். குடத்துச் சண்டையைத் தீர்த்து வைத்தவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று தீர்மானித்தவர் அவர். இதை நினைவில் வைத்தே மேலே எழுதுகிறேன்.

சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் இளைய மகளும் அந்த வகுப்பிற்குச் சென்றாள். அதே கேள்வி அவளுக்கும் வந்தது. அவளிடம் ஒரு சம்பவம் இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு பௌர்ணமி முடிந்த விடியற்காலை. என் மகள் பால் வாங்கச் சென்றாள். சாலையோரத்தில் ஆந்திராவிலிருந்து வந்த பெண்கள் ஒரு பேருந்து நிறையும் அளவுக்கு நின்று அழுதுகொண்டிருந்தார்கள். நெரிசல் காரணமாகக் காவலர்கள் பேருந்துகளை வேறு இடத்திற்கு மாற்றிவிட்டார்கள். ஓட்டுநர் எங்கோ உறங்கிவிட்டார். கைபேசியை அவர் எடுக்கவில்லை. விடுதித் தோழியிடம் கற்ற அரைகுறைத் தெலுங்கில் என் மகள் அவர்களிடம் பேசினாள். தன் மஞ்சள் துப்பட்டாவை ஒரு கரும்புக் கழியில் கட்டி உயர்த்திப் பிடித்து, அதைப் பார்த்துப் பின்னால் வாருங்கள் என்று சொல்லி, ஒவ்வொரு நிறுத்துமிடமாக விசாரித்துச் சென்றாள். அவலூர்ப்பேட்டை சாலையில் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் அந்தப் பேருந்து நின்றது. ஒருவரும் விடுபடாமல் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் திரும்பினாள். வீட்டிற்குள் நுழைந்ததும் தன் தாயிடம் அவள் சொன்னது, “பால் தீந்து போச்சும்மா” என்பது மட்டுமே. மற்றதெல்லாம் நாங்கள் கேட்டுக் கேட்டுத்தான் வெளிவந்தது.

இதை வகுப்பில் சொன்னபோது அவர் கைதட்டினாராம். “இதுதாம்மா! இத வெச்சே நீ உள்ள போயிடுவ” என்றாராம்.

சில வாரங்கள் கழித்து, மாதிரி நேர்காணலுக்கு என்னைக் குழுவில் உட்காரச் சொல்லி அழைத்தார்.

“நீங்க கேள்வியே கேக்க வேணாம் சார். உங்க மொகத்தப் பாத்தாலே பசங்களுக்கு வேர்க்கும். அதான் வேணும்.”

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, சலவைச் சட்டை அணிந்து சென்றேன். என் மகள் அன்று வரவில்லை. முதலில் அடி அண்ணாமலைப் பெண் வந்தாள். முன்பிருந்த தயக்கம் எதுவும் அவளிடம் இல்லை. தலை நிமிர்ந்து, “ஒரு பௌர்ணமி விடியக்காலையில நான் பால் வாங்கப் போனேன்” என்று தொடங்கினாள். ஆந்திரப் பெண்கள் வந்தார்கள். காவலர்கள் வந்தார்கள். கழி வந்தது. அதில் துப்பட்டாவும் ஏறியது.

“துப்பட்டா என்ன கலர்?” என்று கேட்டேன்.

“மஞ்சள் சார்...” என்றவள், உடனே அவரைப் பார்த்தாள். “இல்ல சார். எனக்குப் பச்சை.”

எனக்குப் பச்சை! அப்படியானால் வேறு யாருக்கு என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை. எழுந்து நின்றேன். அவர் என் தோளைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் அழைத்துச் சென்றார்.

“ப்ராக்டிஸ்தான் சார். அந்தப் பொண்ணுக்கு வாயே வரல. பேசிப் பழகட்டும்னு குடுத்தேன். நடந்து முடிஞ்ச கததானே சார், சும்மாதானே கெடக்குது.”

“அது என் மகளோடது. சும்மா கெடக்கல.”

“அய்யய்யோ, அங்க போயி இதச் சொல்லுவாங்களா? சொல்ல மாட்டாங்க சார். நான் வாக்கு குடுக்கறேன்.”

என் மகளும் அவரை நேரில் கேட்டாள். “உன் கத உனக்குத்தாம்மா” என்று அவளிடமும் சொன்னார். வாக்கையும் அவர் ஏணியைப் போலவே எடுத்துக் கொடுத்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கிற்று.

சென்னையில் அந்தச் சட்ட நிறுவனத்தின் இறுதித் தேர்வு நாளன்று, நான் மகளுடன் சென்று கீழ்த்தளத்தில் அமர்ந்திருந்தேன். எங்கள் ஊரிலிருந்து தேறியவர்கள் நால்வர். நால்வரும் அவருடைய வகுப்பினர். நால்வருக்கும் ஒரே நேர்காணல் குழு. அடி அண்ணாமலைப் பெண் முதலில் சென்று, சிரித்த முகத்துடன் இறங்கி வந்து எனக்கு வணக்கம் சொன்னாள். அடுத்து ஒரு பையன் சென்றான். மூன்றாவது என் மகள். அவள் இறங்கி வந்த முகத்தை நான் இங்கே வருணிக்கப்போவதில்லை. பேருந்தில் ஏறிய பிறகுதான் சொன்னாள்.

“பாதியிலயே அந்த மேடம் பேனாவக் கீழ வெச்சுட்டாங்கப்பா. ‘உங்க ஊர்ல பஸ்ஸுங்க தொலையறது வழக்கமா?’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“நெஜமா செஞ்சது நான்தான் மேடம்னேன். பக்கத்துல இருந்தவரு சிரிச்சாரு. ‘காலையிலருந்து இது மூணாவது நெஜம்’னாரு. ஒருத்தி பச்சைத் துப்பட்டா சொல்லியிருக்கா. அவன் துண்டக் கட்டினானாம். நான் மஞ்சள்னதும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.”

“யார்கிட்டயாவது விசாரிக்கச் சொல்லியிருக்கலாமே?”

“யார்கிட்டப்பா? அந்தப் பொம்பளைங்க பேரு கூட நான் கேட்டு வெக்கல. பஸ்ஸத்தான் தேடினேன்.”

முதலில் பேசியவளுடையது உண்மை என்று கொள்ளப்பட்டது. அடி அண்ணாமலைப் பெண் தேர்வானாள். மற்ற மூவருக்கும் இல்லை; நான்காவதாகச் சென்ற பையனும் அதே பேருந்தைத்தான் தேடிக் கண்டுபிடித்திருந்தான். அத்தோடு நின்றிருந்தாலும் நான் பொறுத்திருப்பேன். மனப்பாடம் செய்த பொய்யுடன் வந்தவர்கள் என்று மூவரின் பெயரையும் அந்த நிறுவனம் அவர்கள் கல்லூரிக்கே தெரிவித்துவிட்டது. என் மகளின் கல்லூரி, விளக்கம் வரும் வரை அவளை வேறு எந்த நிறுவனத்தின் தேர்வுக்கும் அனுப்ப முடியாது என்று கூறிவிட்டது. என் மேசையில் போலிப் பத்திரத்துடன் வந்து நின்றவர்களை நான் எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூலப் பத்திரம் வைத்திருந்தவளைப் போலி என்று திருப்பி அனுப்பியதை அன்றுதான் கண்டேன்.

அந்த வாரமே அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் இனிப்புப் பெட்டி.

“சார்! நம்ம பொண்ணு ஒண்ணு உள்ள போயிட்டா சார்! அடி அண்ணாமலையிலருந்து மொத ஆளு!”

“அது யார் வாங்கின இனிப்பு?”

“அவங்கப்பா குடுத்துது. எனக்கு சுகர் ஜாஸ்தி சார், அதான் இங்க...”

“எனக்கு வாக்கு கொடுத்தீங்களே?”

அவர் சிரிப்பு குறைந்தது, முகத்திலிருந்த பெருமை குறையவில்லை. “குடுத்தேன் சார். இன்டர்வியூவுக்கு மொத நாளு அந்தப் பொண்ணு போன்ல ஒரே அழுக. ‘சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல சார்’னு. நான் இன்னா பண்ணட்டும்? உங்க பொண்ணுக்குப் படிப்பு இருக்குது, நீங்க இருக்கீங்க. அவளுக்கு யாரு இருக்காங்க?”

“பசங்க ரெண்டு பேரும் அழுதாங்களா?”

“அவனுங்க... கேட்டானுங்க சார்.”

“கேட்டா எடுத்துக் கொடுத்துடுவீங்களா? உங்க வாழ்க்கையில நடந்தது ஒண்ணு கூடவா கொடுக்கறதுக்கு இல்ல?”

என் குரல் தெரு வரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் பேசினேன். என் மனைவி, “ஏங்க, உள்ள வந்து பேசுங்க” என்றாள். நான் நகரவில்லை. அப்போது என் மகள் வெளியே வந்தாள். அவள் கத்தவில்லை.

“அங்கிள், எங்க காலேஜுக்கு ஒரு மெயில் எழுதுங்க. அந்தச் சம்பவம் என்னுது, வகுப்புல மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கன்னு. அவ்ளோதான்.”

“எழுதுனா அந்தப் பொண்ணு வேல போயிடும்மா.”

“கம்பெனிக்கு எழுதச் சொல்லல. அவ பேரையும் எழுத வேணாம். உங்க பேரு மட்டும் போதும்.”

அவருடைய கால்கள் அசையாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். இனிப்புப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“என் பேர எழுதுனா நாளைக்கு எங்கிட்ட யாரும்மா வருவாங்க? சார்னு யாரு கூப்புடுவாங்க? எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு பேருதாம்மா.”

“எனக்கும்தான் அங்கிள்” என்றாள் என் மகள்.

அவர் பெட்டியைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரை அறிந்த அத்தனை ஆண்டுகளில், அவருக்கே சொந்தமான ஒன்றை ஒருவர் அவரிடம் கேட்டது அன்று ஒரு முறைதான். அதை அவர் கொடுக்கவில்லை. அந்த மின்னஞ்சல் கடைசி வரை எழுதப்படவில்லை. நான் கல்லூரிக்கு எழுதினேன். தந்தையின் கடிதம் சான்றாகாது என்று பதில் வந்தது. அந்த விதியில் பிழையில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவர் இருவரைக் கொள்ளையடித்தார் என்பது என் கருத்து. என் மகளிடமிருந்து நடந்ததை எடுத்தார். குடத்தின் மேல் எண் எழுதியவளிடமிருந்து, தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பை எடுத்தார். அவள் இன்று அந்தப் பெரிய அலுவலகத்தில், தன்னுடையது அல்லாத ஒரு விடியற்காலையை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாள். அவளையும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் என் வழக்கு அவள் மேல் அல்ல.

சில மாதங்களில் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னைக்கே போய்விட்டார். தெருவில் இன்னும் அவரைப் பற்றிக் கண் கலங்கப் பேசுகிறார்கள். என் மகள் இப்போது இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவரிடம் ஜூனியராக இருக்கிறாள், கட்டுத் தூக்குகிறாள், சொந்தமாக வாதாடவும் தொடங்கிவிட்டாள். அவள் காதுபடவே சிலர் பேசுவதால்தான் இதை எழுத நேர்ந்தது.

நான் பொறாமையால் புகார் கொடுத்து வகுப்பை மூடவைத்தேன் என்கிறார்கள். நான் அவர் மீது எங்கும் புகார் கொடுக்கவில்லை. நாற்காலிகளை அடுக்கி வைத்துப் பூட்டியவர் அவரே. என் மகள் அந்த வகுப்பில் கற்ற கதையைச் சொல்லி மாட்டிக்கொண்டாள் என்கிறார்கள். அது தவறு. அவள் அந்த வகுப்பிற்குள் காலடி வைப்பதற்கு ஓர் ஆண்டு முன்பே அந்தப் பெண்கள் தங்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.